வாயு மூலைத் தொட்டி

முதலில் அங்கே ஏரி இருந்தது. பிறகு மனைகள் வந்தன. அதற்கும் பிறகு ‘நகர்’ என்று ஒரு பெயர்ப்பலகை வந்தது. அந்த நகரில் வடக்குப் பார்த்த வீடு ஒன்று இருந்தது. அந்த வீட்டுக்கு இரண்டு தொட்டிகள். ஒன்று மொட்டைமாடியில் வெயில் காய்ந்தது. மற்றது வாயு மூலையில், வாசலுக்கு இடப்பக்கம், மண்ணுக்குள் கிடந்தது.

மேலே இருந்ததை வீட்டார் ‘டேங்க்’ என்று வாய் நிறையச் சொன்னார்கள். கீழே இருந்ததற்குப் பெயர் கிடையாது. சொல்லியே தீரவேண்டும் என்றால் ‘அது’ என்பார்கள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

பெயர் இல்லாவிட்டாலும் கீழ்த்தொட்டிக்கு வேலை இருந்தது. பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. பண்டிகை என்றால் மற்றவர்களுக்கு ஓய்வு, அதற்கு இரட்டை வேலை. வீட்டிலிருந்து வருவதையெல்லாம் முதல் அறையில் வாங்கிக்கொள்ளும். அந்த அறையில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருந்தன. அவை தின்று கரைத்த தண்ணீர் இரண்டாம் அறைக்குப் போய்த் தெளியும். தெளிந்த பிறகுதான் தொட்டி அதை வெளியே உறிஞ்சுகுழிக்கு அனுப்பும். கரையாத கசடு அடியில் தங்கும்.

அந்த வீட்டின் உண்மையான தினசரி அதனிடம்தான் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் தணிகாசலம் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டதாக மனைவி மங்கையிடம் சொல்லிவிட்டு, கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது அதற்குத் தெரியும். மகள் திலகவதி தாய்வீடு வந்த இரண்டாம் காலையே அவள் முழுகாமல் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது. தாய்க்குத் தெரிய இன்னும் ஆறு நாள் ஆயிற்று. தொட்டி யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. வாங்கிக்கொள்வதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும்தான் தொழில் என்று நினைத்திருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தது என்பதுகூடச் சரியில்லை. மூடியிருந்தார்கள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின வாரம், வாசலில் கான்கிரீட் மூடி துருத்திக்கொண்டு தெரிகிறதே என்று தணிகாசலம் அதன் மேல் பளபளப்பான டைல்ஸ் ஒட்டச் சொன்னார். இடைவெளி தெரியாமல் சிமெண்ட் பூசி, தரையோடு தரையாக ஆக்கினார்கள். மறுநாளிலிருந்து மங்கை அந்த இடத்தில்தான் கோலம் போட்டாள். மூடிக்குத் தலைகால் புரியவில்லை.

“நான் இப்போது மூடி இல்லை, தெரியுமா? வாசல்” என்றது மூடி. “மார்கழியில் என் நடுவில் பூசணிப்பூ வைக்கிறார்கள்.”

“திறக்க முடியாததை வாசல் என்று யார் சொன்னது?” என்றது தொட்டி.

“உனக்குப் பொறாமை.”

“எனக்குப் பயம்” என்றது தொட்டி. “ஒருநாள் உன்னைத் திறக்க வேண்டிவரும். அன்று உன்னை எங்கே தேடுவார்கள்?”

மூடி அசையாமல் கிடந்தது. அதன் மேல் இருபத்தொரு புள்ளிக் கோலம் இருந்தது. கலைந்துவிடக் கூடாதே என்ற கவலை அதற்கு.

தொட்டிக்கு மூச்சு விட ஒரு குழாய் இருந்தது. சுவரை ஒட்டி மாடி உயரத்துக்கு நின்ற குழாய். எட்டாம் வருஷம் சம்பந்தி வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, மாடி ஊஞ்சலில் உட்கார்ந்த மாப்பிள்ளையின் பெரியப்பா மூக்கை லேசாகச் சுளித்தார். அவ்வளவுதான். மறுநாளே குழாயின் தலையை அறுத்து, முனையில் பிளாஸ்டிக் அடைப்பான் வைத்துப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். சம்பந்தம் முடிந்தது. குழாயின் பேச்சும் அன்றோடு முடிந்தது. அதன் பிறகு அது முனகியதோடு சரி.

அந்த முனகலும் மாடித்தொட்டிக்குப் பிடிக்காது.

“ஏன் அந்த மூலையிலிருந்து சத்தம் வருகிறது?” என்று மேலிருந்து அதட்டும். அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவுவார்கள். கழுவிய தேதியை அதன் நெற்றியில் எழுதுவார்கள். “தொட்டி என்று இரண்டு பேரையும் ஒரே சொல்லால் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம்” என்பது அதன் தீராத குறை.

“உன்னிடம் இருக்கிற தண்ணீர்தான் என்னிடம் வருகிறது” என்றது கீழ்த்தொட்டி. “நடுவில் ஒரு மனிதன் இருக்கிறான். வேறென்ன வித்தியாசம்?”

“அந்த ஒரு மனிதனால்தான் எல்லாம் மாறுகிறது.”

“அதைத்தான் நானும் சொல்கிறேன்.”

மாடித்தொட்டிக்கு இந்த மாதிரிப் பதில்கள் பிடிக்காது. மிதவையை மூடிக்கொண்டு தூங்கிவிடும்.

தொட்டிக்கு ஒரு எதிரியும் உண்டு. ஏரி.

ஏரி செத்துவிட்டது என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. ஏரிக்குப் படிக்கத் தெரியாது. அது தரைக்கு அடியில் படுத்திருந்தது. ஒவ்வொரு ஐப்பசியிலும் மழையைக் குடித்து எழுந்து, தொட்டியின் செங்கல் சுவரை நாலு பக்கமும் தட்டும்.

“இது என் இடம். விடு, உள்ளே வருகிறேன்.”

“உன் இடம்தான், இல்லை என்று சொல்லவில்லை” என்று தொட்டி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். “ஆனால் என்னிடம் இருப்பது உன்னோடு கலந்தால் என்ன ஆகும்? உன்னைத்தான் நாலு தெருவும் போர் போட்டுக் குடிக்கிறது.”

“உன் தென்மேற்கு மூலையில் கொத்தனார் பூச்சு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். திரும்பி வந்து மறந்துவிட்டான். எனக்குத் தெரியும். ஒரே ஒரு செங்கல். நான் அழுத்தினால் போதும்.”

“அழுத்திப் பார்.”

பதினோரு மழைக்காலம் ஏரி அழுத்தியது. பதினோரு மழைக்காலமும் அந்த ஒரு செங்கல்லைத் தொட்டி விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்கு என்று இருந்த ஒரே பெருமை அதுதான்: ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

பன்னிரண்டாவது மழைக்கு முன்னால் தொட்டி நிறைந்துவிட்டது.

மழை வருமுன் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆடி, ஆவணியில் மூடியைத் திறந்து கசடை எடுக்க வேண்டும். மூச்சுக் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால் பூச வேண்டும். ஒருநாள் வேலை. தொட்டி முறைப்படித்தான் சொல்லியனுப்பியது. ஆடியில் கழிவறைக் கோப்பையை ‘குளுக் குளுக்’ என்று இரண்டு முறை கொப்புளிக்க வைத்தது.

“இங்க பாருங்களேன், ஏதோ சத்தம் போடுது” என்றாள் மங்கை.

“ஆசிட் ஊத்து, சரியாயிடும்” என்றார் தணிகாசலம், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

அவள் ஒரு பாட்டில் ஊற்றினாள். ஆவணியில் தொட்டி மறுபடி சொன்னது. இரண்டு பாட்டில் ஊற்றினாள். கோப்பை வெள்ளைவெளேர் என்று ஆயிற்று. கீழே முதல் அறையில் குடியிருந்த சிற்றுயிர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. புரட்டாசியில் தொட்டி உள்ளே செவி கொடுத்துக் கேட்டது. தின்கிற சத்தமே இல்லை. தின்ன ஆள் இல்லாத கசடு அடியில் இறுகியது. இறுகி, களிமண்ணாகி, கல்லாகத் தொடங்கியது. அதற்குள் ஊறிய விஷக்காற்று வெளியேற வழியில்லாமல் மூடிக்குக் கீழே கட்டிக்கொண்டு நின்றது.

ஐப்பசி பிறந்தது. வெள்ளிக்கிழமை திலகவதிக்கு வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். எண்பது பேருக்குச் சாப்பாடு. புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வியாழன் காலை மழை விட்டபோது, கழிவறையில் ஊற்றிய தண்ணீர் கீழே போகாமல் நின்று வீட்டாரைப் பார்த்தது.

அதன் பிறகுதான் லாரியைக் கூப்பிட்டார்கள்.

லாரியோடு இரண்டு பேர் வந்தார்கள். ஓட்டி வந்தவர் ஏகாம்பரம், ஐம்பது வயது, தலையில் துண்டு. கூட வந்தவன் அவர் மனைவியின் தம்பி காத்தவராயன். தொழிலுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முப்பது வயதுக்கு உரிய வீறாப்பு மட்டும் குறையில்லாமல் இருந்தது.

“மூடி எங்க சார்?” என்றார் ஏகாம்பரம்.

தணிகாசலம் மங்கையைப் பார்த்தார். மங்கை தணிகாசலத்தைப் பார்த்தாள்.

“வாயு மூலையில வச்சோம். வாஸ்து பார்த்துத்தான் வச்சோம்” என்றார் தணிகாசலம்.

“வாஸ்து சரிங்க. மூடி?”

யாருக்கும் நினைவில்லை. ஏகாம்பரம் கடப்பாரையின் பின்பக்கத்தால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். கெட்டிச் சத்தம், கெட்டிச் சத்தம். கோலத்தின் நடுவில் தட்டியதும் ‘டொம்’ என்றது.

மங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யய்யோ! அது மேலயா நான் இத்தனை வருஷமா கோலம் போட்டேன்?”

“கோலத்துக்கு ஒண்ணும் ஆவலம்மா” என்றார் ஏகாம்பரம். “அதான் பாவம், மூச்சு முட்டிக் கெடக்குது.”

பதினோரு வருஷத்தில் தன்னைப் பாவம் என்று ஒருவர் சொல்லித் தொட்டி கேட்டது அதுவே முதல் தடவை.

டைல்ஸ் உடைந்தது. மூடியை நெம்பிப் புரட்டிப் போட்டார்கள். கோலம் போட்ட முகம் சேற்றில் பதிய, மூடி குப்புற விழுந்து கிடந்தது. ஏகாம்பரம் காத்தவராயனைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். “பத்தடி தள்ளி நில்லு. காத்து போவட்டும்.” வெகுநேரம் கழித்து லாரியின் குழாயை உள்ளே இறக்கினார்கள்.

குழாய் பாம்பு மாதிரி நெளிந்து உறிஞ்சியது. தண்ணீர் முழுக்க வந்துவிட்டது. பிறகு ‘கர்ர்’ என்று இழுத்துப் பார்த்துவிட்டு நின்றது.

“உன் அடியில் என்ன வைத்திருக்கிறாய்? கல்லா?” என்றது குழாய்.

“ஆசிட் சமைத்த சோறு” என்றது தொட்டி.

மேலே ஏகாம்பரம் விளக்கிக்கொண்டிருந்தார். “கசடு இறுகிப் போச்சு சார். தண்ணி அடிச்சு ஊற வச்சு, கலக்கி எடுக்கணும். நான் இந்த லோடை சுத்திகரிப்பு நிலையத்துல இறக்கிட்டு வரேன். நீங்க டேங்க்லேர்ந்து ஹோஸ் போட்டுத் தண்ணி விட்டு வைங்க. இன்னிக்கு ரெண்டு லோடு, நாளைக்கு ஒண்ணு.”

“நாளைக்கா? நாளைக்குப் பொண்ணுக்கு வளைகாப்பு. வாசல்ல இதைத் தொறந்து வச்சுக்கிட்டு எண்பது பேரை எப்படி வான்னு கூப்பிடறது? அதுவும் சமையலுக்குப் புடிச்சு வச்ச தண்ணியை இதுல ஊத்தணுமா?”

“சமைச்சப்புறமும் இதுலதான் சார் வரும்.”

“பேச்செல்லாம் வேணாம்பா. ஒரு ஆள் உள்ள இறங்கி மம்முட்டியால நாலு வெட்டு வெட்டினா அரை மணியில முடியற வேலை.”

ஏகாம்பரம் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “ஆள் இறங்க மாட்டாங்க.”

“முன்னெல்லாம் உங்க ஆளுங்க இறங்கினாங்கதானே?”

“இறங்கினாங்க சார். ஏறி வந்தவங்க எத்தனை பேருன்னுதான் யாரும் பார்க்கல.”

“சட்டம் பேசறியா?”

“சட்டமும் அதைத்தான் சொல்லுது. சட்டம் வர்றதுக்கு முன்னாலயே எங்க அண்ணனோட பொணம் சொல்லிடுச்சு.”

தணிகாசலம் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். ஏகாம்பரம் குழிக்கு நாலு பக்கமும் கயிறு கட்டினார். காத்தவராயனிடம் விரலை நீட்டிச் சொன்னார்: “தொறந்த குழியை ஆள் இல்லாம விட்டுட்டுப் போவக்கூடாது. நீ நில்லு. யாரையும் கிட்ட விடாதே. நீயும் கிட்ட போவாதே.”

“சரி மாமா. நான் என்ன கொழந்தையா?”

லாரி போயிற்று.

வெறும் வயிற்றோடு தொட்டி வானத்தைப் பார்த்தது. வானம் எப்படி இருக்கும் என்று அதற்கு மறந்தே போயிருந்தது. மேகம் மறுபடி திரண்டுகொண்டிருந்தது. நாலு சுவரிலும் ஏரி தோளைக் கொடுத்து நின்றது. உள்ளே நிறைந்திருந்தபோது பாதி அழுத்தம்தான். காலியானதும் முழு ஏரியும் வெளியிலிருந்து நெருக்கியது.

“இன்று நீ தாங்க மாட்டாய்” என்றது ஏரி.

“பார்க்கலாம்” என்றது தொட்டி.

வாசலில் தணிகாசலம் ஒரு பேப்பர் கப்பில் காபியோடு வந்தார். கயிற்றுக்கு வெளியே தரையில் வைத்தார். காத்தவராயன் குனிந்து எடுத்துக்கொண்டான்.

“உங்க மாமாவுக்கு வயசாயிடுச்சு, இல்ல?” என்றார்.

“ஏன் சார்?”

“பயப்படறாரே. வயசானவர், பயப்படலாம். நீ வாலிபப் பையன். நானா இருந்தா உன் வயசுல இந்நேரம் இறங்கி ஏறியிருப்பேன்.”

காத்தவராயன் சிரித்தான். ஆனால் காபியைப் பாதியில் நிறுத்திவிட்டான்.

“ஆறடி ஆழம்தான். உள்ள தண்ணிகூட இல்ல. பாரேன்.”

“மாமா வேணாம்னு சொல்லிட்டாரு சார்.”

“சரி, மாமாகிட்ட கேட்டுக்கிட்டே இரு. நாளைக்கு எம்பொண்ணு நாறுற வீட்டுல உக்காந்து வளையல் போட்டுக்கட்டும். ஒரு புள்ளைத்தாச்சிக்காகச் செய்யமாட்டேங்கறீங்க, அதான் வருத்தம்.”

இதைச் சொல்லிவிட்டு அவர் காத்திருக்கவில்லை. உள்ளே போய் அலுமினிய ஏணியை எடுத்துவந்து, கயிற்றுக்கு மேலாகத் தூக்கி, தானே தொட்டிக்குள் இறக்கிச் சாய்த்தார். ஏணியின் கால்கள் கசடில் ஊன்றி நின்றன.

“நீ எதற்கு வந்தாய்?” என்றது தொட்டி.

“இறக்குவதற்கு” என்றது ஏணி. “ஏறுவது அவரவர் சாமர்த்தியம்.”

போர்டிகோ சுவரிலிருந்து ஒரு பல்லி நழுவி வந்து குழியின் விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்தபடியே விழுந்தது. வால்கூடத் துடிக்கவில்லை. மேலே இருந்த இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. தொட்டி பார்த்தது.

ஏணியின் கால் குத்திய இடத்தில் கசடு வெடித்து, அதற்குள் அடைந்திருந்த காற்று மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. தன் மூச்சு என்ன செய்யும் என்று தொட்டிக்குத் தெரியும். அதைத் தானே உண்டாக்கவில்லை. மூடியும் அடைப்பானும் ஆசிட்டும் சேர்ந்து உண்டாக்கின. ஆனால் நாளைக்குப் பேப்பரில் ‘கழிவுநீர்த் தொட்டி விஷவாயு தாக்கி’ என்றுதான் வரும். தணிகாசலம் பெயரும் ஏணி பெயரும் அதில் இருக்காது.

காத்தவராயன் கயிற்றைத் தாண்டினான். லுங்கியை மடித்துக் கட்டினான்.

“மூடியே! எழுந்து வா, என்னை மூடு!” என்று தொட்டி கத்தியது.

மூடி சேற்றில் குப்புறக் கிடந்தது. “நான் வாசல்... நான் வாசல்...” என்று முனகியது.

“மூச்சுக் குழாயே! அவனுக்குச் சொல்!”

குழாய் உள்ளதையெல்லாம் திரட்டி ஊதியது. அடைப்பான் அசையவில்லை. பசை நல்ல பசை.

தொட்டி மாடியைப் பார்த்தது. “உன்னைத்தான்! உன்னிடம் ஆயிரம் லிட்டர் இருக்கிறது. கொஞ்சம் வழிந்து வா. எனக்குள் தண்ணீர் நின்றால் அவன் இறங்க மாட்டான்.”

“என் தண்ணீரா? உனக்குள்ளா?” மாடித்தொட்டி அதிர்ந்து போயிற்று. “நாளை எண்பது பேர் சாப்பிட வேண்டிய தண்ணீர்!”

“இங்கே ஓர் ஆள் சாகப் போகிறான்.”

“எனக்கென்று ஒரு ஆசாரம் இருக்கிறது” என்றது மாடித்தொட்டி.

காத்தவராயன் வலது காலை ஏணியின் முதல் படியில் வைத்தான். இடது காலை எடுக்கத் தரையை உந்தினான்.

சுவரில் ஏரி தட்டியது. வழக்கம்போல, தென்மேற்கு மூலையில், அதே செங்கல்லில்.

தொட்டிக்கு யோசிக்கப் பதினோரு வருஷம் இருந்தது. இப்போது ஒரு படி இறங்கும் நேரம்தான் மிச்சம். ஒரு சொட்டு ஒழுகாதது என்ற பெயரை யாரும் அதற்குக் கொடுத்ததில்லை. தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தது.

“ஏரியே, உள்ளே வா” என்றது. “வருவது மட்டும்தான். என்னிடமிருந்து ஒரு துளி வெளியே போகக் கூடாது. வருகிற வேகத்தைக் குறைக்காதே.”

“நிஜமாகவா?” என்றது ஏரி. எதிரி இப்படி மரியாதையாகக் கூப்பிட்டு அதற்குப் பழக்கமில்லை.

“இந்த மனிதனை நான் விழுங்க மாட்டேன். என் சுவர் போனாலும் சரி. வா!”

தொட்டி செங்கல்லை விட்டது.

மூலை பிளந்தது. பழைய ஏரி, வீட்டுமனைகளுக்கு அடியில் இத்தனை வருஷம் மடங்கிக் கிடந்த ஏரி, ஒற்றைச் செங்கல் வழியாகப் பீரிட்டுப் பாய்ந்தது. ஏணியின் காலை வாரிவிட்டது. கசடைக் குத்திப் புரட்டியது. கட்டியிருந்த காற்றை மேலே தள்ளியது. காத்தவராயனின் வலது கால் முழங்கால்வரை கறுப்புத் தண்ணீரில் நனைந்தது. அவன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குத் தாவி, சேற்றில் உட்கார்ந்து, உருண்டு, கயிற்றையும் இழுத்துக்கொண்டு வெளியே போய் விழுந்தான். இருமினான். இருமி இருமிக் கண்ணில் நீர் வந்தது. முகத்தில் பட்டது ஒரு வாய்க் காற்றுதான்.

தண்ணீர் விளிம்புவரை வந்தது. விளிம்பைத் தாண்டித் தணிகாசலத்தின் வாசலில் வழியவில்லை. தொட்டிக்கு வேறு வழி தெரியும். பதினோரு வருஷமாக வந்த வழி. அதே குழாயில் பின்னோக்கி நடந்து, கழிவறையில் ஏறி, நடைபாதையைக் கடந்து, கூடத்தில் விரித்திருந்த புது ஜமுக்காளத்தின் மேல் போய் நிதானமாக உட்கார்ந்தது.

உள்ளே மங்கை அலறினாள். “என்னங்க! அது... அது கூடத்துக்கு வந்துடுச்சு!”

“என்னடா பண்ணித் தொலைச்சே?” என்று தணிகாசலம் காத்தவராயனிடம் கத்தினார்.

காத்தவராயன் இருமலுக்கு நடுவே தண்ணீரில் மிதந்து வந்த எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். வயிறு வெளுத்த ஒரு பல்லி. பிறகு தன் காலைப் பார்த்தான். வாந்தி எடுத்தான்.

லாரி திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம் கூடியிருந்தது. ஏகாம்பரம் இறங்கி வந்தார். மிதக்கும் ஏணியைப் பார்த்தார். அவிழ்ந்த கயிற்றைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார்.

“உள்ள வச்சது ஒரு காலா, ரெண்டு காலா?”

“ஒரு கால்தான் மாமா.”

“ஒரு காலுக்கு உங்க அக்காகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். ரெண்டு காலா இருந்தா எங்கிட்ட பதில் இல்லடா.” துண்டை எடுத்து அவன் காலைத் துடைத்துவிட்டார்.

தணிகாசலம் முன்னால் வந்தார். “உன் ஆள் எதையோ உடைச்சு வீடு முழுக்க நாறுது. எங்க வீட்டு விசேஷமே போச்சு!”

“நாறட்டும் சார்” என்றார் ஏகாம்பரம். “பொணம் நாறலையே.”

படியில் நின்றிருந்த மங்கை மிதக்கும் ஏணியைப் பார்த்தாள். பரண் மேல் தான் துடைத்து வைத்த ஏணி. கயிற்றைப் பார்த்தாள். சேற்றில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். கடைசியில் கணவரைப் பார்த்தாள்.

“ஏணியை யாருங்க வச்சது?” என்று கேட்டாள்.

அவர் லாரிப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு மாடிக்குப் போனாள். ஹோஸை மாட்டி, மாடித்தொட்டியின் வால்வைக் கடைசிச் சுற்றுவரை திறந்துவிட்டாள்.

மாடித்தொட்டி என்னென்னவோ சொல்லிக் கூச்சல் போட்டது. தண்ணீர் நிற்கவில்லை. ஏகாம்பரம் ஹோஸைப் பிடித்து மூலை மூலையாகப் பீய்ச்சினார். ஏரி புரட்டிப் போட்ட கசடு குழம்பாகக் கரைந்தது. லாரி அன்று மாலைக்குள் இரண்டு லோடும், மறுநாள் ஒரு லோடும் எடுத்தது. மம்முட்டி லாரியை விட்டு இறங்கவே இல்லை. வளைகாப்பு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. வளையல்கள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஏரி வடியும்வரை சுவரைப் பூச முடியாது. “தை பொறந்ததும் பூசிக்கலாம். அதுவரைக்கும் வெளிய தண்ணி உசரமா நிக்குது, உள்ள வரும், போவாது. மாசம் ஒரு தரம் நான் வந்து எடுத்துடறேன்” என்றார் ஏகாம்பரம். குழாயின் அடைப்பானை அறுத்து எறிந்து, மொட்டைமாடிக்கு மேல் ஓர் ஆள் உயரம் போக நீட்டினார். தலைக்கு வலை கட்டினார். ஒரு கூடை சாணியைக் கரைத்து உள்ளே ஊற்றினார். “இதுல புதுசா உசிர் புடிச்சிக்கும். இனிமே ஆசிட் ஊத்தாதீங்கம்மா. உள்ள வேலை செய்யறவங்களைச் சாவடிச்சிட்டு வேலை நடக்கலன்னு சொல்லக்கூடாது.”

புது மூடி தரைக்கு மேல் நாலு அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு இரும்பு வளையம். டைல்ஸ் கிடையாது. சிமெண்ட் காய்ந்ததும் காத்தவராயன் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு வந்து, வளையங்களுக்கு நடுவே பெரிய எழுத்தில் எழுதினான்: ஆள் இறங்கக் கூடாது.

தணிகாசலத்துக்கு அது கண்ணை உறுத்தியது. “வாசல்ல இதெல்லாம் எதுக்கு? வர்றவங்க என்ன நெனைப்பாங்க?” என்றார்.

“படிச்சுக்குவாங்க சார்” என்றான் காத்தவராயன்.

மறுநாள் விடிந்ததும் மங்கை வாசலுக்கு வந்தாள். மூடியையும் எழுத்தையும் சற்று நேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து கேட்டுக்கு வெளியே போய்க் கோலம் போட்டாள்.

அன்று மாடித்தொட்டி பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டது. “பதினோரு வருஷம் கட்டிக் காத்தாய். இனி தெரு முழுக்க உன்னை ஒழுகுகிற தொட்டி என்றுதானே சொல்லும்?”

நீட்டிய குழாயின் வழியே கீழ்த்தொட்டி நன்றாக ஒருமுறை மூச்சை விட்டது.

“சொல்லட்டும்” என்றது. “ஆளை விழுங்கிய தொட்டி என்று சொல்ல முடியாதே.”